முதலாண்டு அறிவியல் பாடங்களில் தடுமாறுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையின் கலை அறிவியல் கல்லூரிகளில் இளம் அறிவியல் முதலாண்டில் சேர்ந்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆடி, ஆவணி மாதங்களில் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. முதலாண்டு இயற்பியல் வகுப்பும் ஆய்வகமும் எடுக்கிற ஆசிரியராக நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்தவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ப்ளஸ் டூவுல நல்ல மார்க்தான் வாங்குனேன். இங்க வந்து ஏன் ஒண்ணுமே புரியமாட்டேங்கு?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பாடநூல் ஓராண்டு முழுவதும் உங்கள் கையில் இருந்தது. அதே பாடத்தை வகுப்பில் ஒருமுறை, சிறப்பு வகுப்பில் ஒருமுறை, திருப்புதல் தேர்வுகளில் பலமுறை என்று பார்த்தீர்கள். பாடத்தின் பின்பக்க வினாக்களையும் பழைய வினாத்தாள்களையும் எழுதிப் பழகினாலே பெரும்பகுதி மதிப்பெண் வந்துவிட்டது. கல்லூரியில் ஒரு செமஸ்டர் என்பது ஏறத்தாழ 90 வேலை நாட்கள். அதற்குள் ஒவ்வொரு தாளிலும் ஐந்து யூனிட்டுகள் முடிந்துவிடும்; நடத்திய யூனிட்டை ஆசிரியர் மறுபடியும் எடுக்க மாட்டார்; இதுதான் பாடநூல் என்று ஒரே புத்தகத்தை யாரும் கையில் தரவும் மாட்டார்கள். பள்ளி உங்களுக்காகச் செய்துவந்த திருப்புதல் வேலை முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் பொறுப்பாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பள்ளிகள் ஒப்புக்கொள்வதில்லை. முதல் செமஸ்டரில் வரும் இயக்கவியல், மோல் கருத்து, வேதிப்பிணைப்பு, செல் பிரிதல் எல்லாம் பதினோராம் வகுப்புப் பாடங்களின் தொடர்ச்சி. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் குறிவைத்துப் பதினோராம் வகுப்பை அவசரமாக ஓட்டிவிட்ட பள்ளியிலிருந்து வந்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் இருந்தாலும் வெக்டரைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பள்ளம் கல்லூரியின் மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

2. எதுல வீக்குன்னு எனக்கே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்க?

"எல்லாமே கஷ்டம்" என்று சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் எல்லாமே கஷ்டமாக இருப்பதில்லை. தடங்கல் அநேகமாகப் பதினோராம் வகுப்பு அடிப்படையிலோ, கணக்கிலோ, மொழியிலோ இருக்கும். இந்தக் கேள்விகளை நோட்டைத் திறக்காமல் ஒரு தாளில் செய்து பாருங்கள். ஒரு பொருள் மீட்டரில் சென்ற தூரம், வினாடியில் அளந்த நேரத்தின் இருமடியைப் போல ஐந்து மடங்கு. மூன்றாவது வினாடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? 9 கிராம் நீர் எத்தனை மோல்? சோடியம் கார்பனேட்டின் மோலார் நிறை 106 என்றால், 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் கரைசல் தயாரிக்க எவ்வளவு நிறுக்க வேண்டும்? பி.எச். 3 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, பி.எச். 5 உள்ளதைப் போல எத்தனை மடங்கு? வெங்காய வேர்நுனிச் செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. மைட்டாசிஸ் முடிந்தபின் ஒரு சேய்ச்செல்லில் எத்தனை இருக்கும், அதே செடியின் மகரந்தத் தாய்ச்செல்லில் மியாசிஸ் முடிந்தபின் எத்தனை இருக்கும்?

விடைகள் முறையே வினாடிக்கு 30 மீட்டர், அரை மோல், 2.65 கிராம், நூறு மடங்கு, பதினாறும் எட்டும். முதல் கேள்விக்கு 45ஐ 3ஆல் வகுத்து 15 என்று எழுதியவர் சராசரி வேகத்தைக் கண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது வகையீடு. மூன்றாவதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் தசமப் புள்ளியில் தவறியவருக்குக் கணக்குப் பழக்கம் போதவில்லை. மோல் என்றால் என்னவென்றே சொல்ல முடியாதவர் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இதே கேள்விகளைக் கல்லூரி வினாத்தாளில் உள்ளபடி ஆங்கிலத்தில் படித்தபோது மட்டும் நின்றுபோனவருக்குக் கீழே 5 என்று எண்ணிட்ட பதில் பொருந்தும்.

3. வகுப்புல நடத்தும்போது நல்லா புரியுது சார். பரீட்சைத் தாளப் பாத்தா மண்டை காலியாயிருது.

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், மற்றப் பதில்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. ஆசிரியர் பலகையில் ஒரு சமன்பாட்டை வருவிக்கும்போது அடுத்த வரி ஏன் வருகிறது என்று உங்களால் பின்தொடர முடிகிறது. அதைப் புரிதல் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அடுத்த வரியை நீங்களே கொண்டுவருவது வேறு திறன், தேர்வு கேட்பது அதைத்தான். நோட்டை மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போனதால் எளிதாகத் தெரிகின்றன, அந்த எளிமையும் இதே ஏமாற்றைச் செய்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

செய்ய வேண்டியது இது. அன்று மாலை நோட்டை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் அன்றைய வகுப்பின் தலைப்பை மட்டும் எழுதி, நினைவுக்கு வருவதையெல்லாம் படமாகவும் சமன்பாடாகவும் சொற்களாகவும் எழுதுங்கள். ஓட்டை விழுந்த இடங்களில் கேள்விக்குறி போடுங்கள். அதன் பிறகு மட்டும் நோட்டைத் திறந்து அந்த இடங்களை வேறு நிற மையில் நிரப்புங்கள். ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம் போதும். முதல் வாரத்தில் தாள் ஏறக்குறைய காலியாகவே இருக்கும், மனம் சோர்ந்துபோகும். அந்தக் காலித்தாளை நவம்பர் மாதத் தேர்வறையில் பார்ப்பதைவிட ஆவணியில் வீட்டுத் திண்ணையில் பார்த்துவிடுவது மேல். இனி இதை "மூடிய நோட்டுப் பயிற்சி" என்று குறிப்பிடுகிறேன்.

4. அப்போ மனப்பாடமே கூடாதா?

கூடும், சிலவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். முதல் முப்பது தனிமங்கள், பொதுவான அயனிகளின் வாய்ப்பாடும் மின்சுமையும், கிலோ முதல் நானோ வரையிலான முன்னொட்டுகள், முக்கியக் கோணங்களின் சைன், கொசைன் மதிப்புகள், அடிப்படைச் சார்புகளின் வகையீடுகள், கிரேக்க எழுத்துகளின் வடிவமும் பெயரும். இவை வாயில் தயாராக இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் நின்று தேட வேண்டிவரும், பாடத்தின் தொடர்ச்சி கைவிட்டுப் போகும். வருவித்தல்களை வரிவரியாக நெட்டுருப் போடுவதுதான் வீண்வேலை. ஒரு குறியீடு மாறினால் முழுதும் சரிந்துவிடும்.

5. நான் பத்து, பன்னெண்டு எல்லாம் தமிழ் மீடியம். இங்க எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துதாங்க. என்ன செய்ய?

இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசையில், ஒரே படங்களோடு வந்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. கல்லூரியில் இந்த வாரம் நடக்கும் தலைப்பை முதலில் தமிழ்ப் புத்தகத்தில் படித்துக்கொண்டு, உடனே ஆங்கிலப் புத்தகத்தின் அதே பகுதியைத் திறந்து பத்தி பத்தியாக ஒப்பிட்டு வாசியுங்கள். கருத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கில வாக்கியம் மிரட்டாது. முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். வகுப்பில் காதில் விழும் சொல்லும் தாளில் பார்க்கும் சொல்லும் ஒன்றுதான் என்று தெரியாமல் தடுமாறுகிற மாணவர்கள் ஏராளம். தாளில் நன்றாகத் தெரிந்த "வெலாசிட்டி"யை ஆசிரியர் வேகமாகச் சொல்லும்போது பிடிக்க முடியாமல், அடுத்த இரண்டு வாக்கியங்களையும் இழந்துவிடுகிறார்கள்.

அறிவியல் ஆங்கிலத்தில் புதிய சொற்கள் அதிகம் போலத் தோன்றினாலும் ஒரு யூனிட்டுக்கு முப்பது, நாற்பதுக்கு மேல் தேறாது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிப்பிலும், எதிரே பதினோராம் வகுப்பில் படித்த தமிழ்ச் சொல்லையும் எழுதி வாருங்கள். வினாத்தாளில் ஏவல் போல வரும் சொற்களைத் தனியே பட்டியலிடுங்கள்: வரையறு, வருவி, வேறுபடுத்து, விளக்கு, கணக்கிடு என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான். வேறுபடுத்தச் சொன்ன கேள்விக்கு வரையறை மட்டும் எழுதிவிட்டுப் பாதி மதிப்பெண்ணை இழந்த விடைத்தாள்களை ஒவ்வொரு செமஸ்டரிலும் திருத்துகிறேன்.

சந்தேகத்தைத் தமிழில் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. இங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் பலர் நாங்குநேரியிலும் சங்கரன்கோவிலிலும் தமிழ் வழியில் படித்து வந்தவர்களே. தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதை மட்டும் நண்பர்கள் பேச்சை நம்பாமல் துறைத் தலைவரிடம் முதல் மாதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கணக்கு வராதுன்னுதான் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்தேன். இப்ப கெமிஸ்ட்ரியிலயும் அலைடு பிசிக்ஸ்லயும் கணக்கு வருதே?

வரத்தான் செய்யும். ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் கணக்கு மிகக் குறுகிய பகுதி: விகிதமும் விழுக்காடும், பத்தின் அடுக்குகள், மடக்கை, ஒரு வாய்ப்பாட்டில் வேண்டிய ராசியை ஒருபக்கம் கொண்டுவருதல், வரைபடத்தின் சாய்வு காணுதல், அலகுகளை மாற்றுதல். நாளுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் ஓரிரு மாதத்தில் வசப்படும். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுக்க வெட்கப்படாதீர்கள்.

அலகுகளை ஒவ்வொரு வரியிலும் கூடவே எழுதும் பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும். மோலார் நிறையின் அலகு மோலுக்கு இத்தனை கிராம். கிராமை அதனால் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் நிற்கும். தவறிப் பெருக்கிவிட்டால் அலகு உருப்படாது, நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வகுப்பதா பெருக்குவதா என்ற குழப்பத்தை வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து தீர்ப்பதைவிட இது எளிது.

7. ஃபார்முலா எல்லாம் தெரியுது, ஆனா பிராப்ளம் போட வரமாட்டேங்கு.

ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறீர்கள். அது உச்சியை அடைந்த கணத்தில் அதன்மேல் செயல்படும் விசைகள் எவை, முடுக்கம் எவ்வளவு? முதலாண்டு வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப்பேர் "எறிந்த விசை" இன்னும் மேல்நோக்கி இருப்பதாகவும், உச்சியில் முடுக்கம் சுழி என்றும் எழுதுவார்கள். இவர்களில் பலருக்கு இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் தலைகீழாகத் தெரியும். கையை விட்டகன்றபின் எறிந்த விசை என்று எதுவும் பந்தின்மேல் இல்லை. காற்றை விட்டுவிட்டால் எல்லாக் கணத்திலும் செயல்படுவது புவியீர்ப்பு ஒன்றே. உச்சியில் சுழியாவது திசைவேகம் மட்டும், முடுக்கம் மாறுவதேயில்லை. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. அமெரிக்காவில் 1992இல் ஹெஸ்டனிஸும் உடன் பணியாற்றியவர்களும் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். கணக்குகளை நன்றாகப் போட்ட மாணவர்களே அதிலிருந்த எளிய கேள்விகளில் சறுக்கினார்கள்.

ஆகவே கணக்கைப் பார்த்ததும் வாய்ப்பாட்டைத் தேடாதீர்கள். முதலில் படம் வரையுங்கள். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று வட்டமிட்டு, அதன்மேல் உள்ள விசைகளை அம்புக்குறிகளாகப் போடுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் அந்த விசையைத் தருவது எது என்று பெயர் சொல்லுங்கள். பெயர் சொல்ல முடியாத விசையை அழித்துவிடுங்கள். பிறகு விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா, எந்தத் திசையில் வரும் என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். சமன்பாடு அதற்குப் பின்தான். மாதிரிக் கணக்கைப் பார்த்து எழுதுவது பயிற்சியில் சேராது. தீர்வைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக முயன்று, நின்றுபோன இடத்தில் ஒரு வரி மட்டும் திறந்து பாருங்கள். மூன்றாம் பதிலில் சொன்ன மூடிய நோட்டுப் பயிற்சி கணக்குக்கு வரும்போது இந்த வடிவம் எடுக்கிறது.

8. சிம்பிள் பெண்டுலத்துல 9.8 வரல, 9.78 வந்துச்சு. மாத்தி எழுதிரலாமா?

மாற்ற வேண்டாம், புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நம் ஊரில் அதுதான் சரியான மதிப்பு. பாடநூலில் உள்ள 9.8 என்பது 1901இல் உலகுக்கு ஒப்புக்கொண்ட 9.80665 என்ற நியம மதிப்பின் சுருக்கம். புவி சுழல்வதாலும் அதன் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருப்பதாலும் புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் துருவங்களில் 9.83 ஆகவும் இருக்கிறது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில்தான் இருக்கிறது. சரியாக அளந்த மாணவர், புத்தகத்துக்குப் பயந்து தன் சரியான விடையைத் தவறாக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

9.4 வந்தாலோ 10.8 வந்தாலோ அப்போதும் மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். குண்டைத் தட்டிவிடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், இருபது எண்ணும்போது பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். அலைவு நேரம் ஐந்து விழுக்காடு குறைந்து, விடை 10.8ஐ நெருங்கும். "சுழி" என்று தொடங்கிப் பாருங்கள், சரியாகும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்தால் விடை குறையும். சமன்பாட்டில் எந்த அளவு எத்தனையாம் அடுக்கில் இருக்கிறது என்று பார்ப்பதும் அவசியம். முறுக்கு ஊசலில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் திருகு அளவியின் ஒரு பிரிவு, அதாவது 0.01 மில்லிமீட்டர், பிசகினால் அது இரண்டு விழுக்காடு. விடையில் அது எட்டு விழுக்காடாகிவிடும். கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்கச் சொல்வதும் சுழிப்பிழை கேட்பதும் இதனால்தான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு நான் விடை விலகியிருந்தாலும் மதிப்பெண் குறைப்பதில்லை.

9. கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷன் ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது மேடம்.

இது வேதியியல் துறையில் கேட்கப்பட்ட கேள்வி. அங்குள்ளவர்கள் சொன்ன பதிலைத் தருகிறேன். பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலும், பிப்பெட்டை அதில் எடுக்கப்போகும் கரைசலாலும் அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால் அலச வேண்டும். குடுவையையும் கரைசலால் அலசினால் அளந்ததற்கு மேல் கரைசல் உள்ளே தங்கிவிடும். அதற்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். சோப்பு நுரைக்காத ஆழ்துளைக் கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்பதை அளப்பதே பின்னால் உங்களுக்கு ஒரு சோதனையாக வரும். பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, நிரப்பியதும் புனலை எடுத்துவிட வேண்டும், பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது.

பியூரெட்டில் பெர்மாங்கனேட் இருந்தால், அது அடர்நிறம் என்பதால் திரவ மட்டத்தின் கீழ்வளைவு தெரியாது, மேல்மட்டத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். குடுவையில் உள்ள ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியபின் தொடங்குங்கள். முதல் சில துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே பிறகு வினையை வேகப்படுத்தும். பழுப்புக் கலங்கல் வந்தால் சேர்த்த கந்தக அமிலம் போதவில்லை, அல்லது அவசரப்பட்டு ஊற்றியிருக்கிறீர்கள். அரை நிமிடம் நிலைக்கும் இளஞ்சிவப்பே முடிவுநிலை. திராட்சை நிறம் வரை போனால் தாண்டிவிட்டீர்கள்.

10. ரெக்கார்டு எழுதியே ராத்திரி போயிருது. எப்பப் படிக்க?

ஆய்வகம் முடிந்த அன்றே கணக்கீட்டை அப்சர்வேஷன் நோட்டில் முடித்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ரெக்கார்டு எழுத முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மூன்று வாரம் சேர்த்துவைத்து எழுதுகிறவர்களுக்குத்தான் இரவு போகிறது, எழுதியதும் மனதில் நிற்பதில்லை.

11. செங்கோட்டை ரயில்ல வாரேன், போக வர மூணு மணி நேரம். வீட்டுக்குப் போனா தூக்கந்தான் வருது.

அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஏறி வருகிற மாணவர்களுக்கு இது உண்மையான சிக்கல், அதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்த ரயிலில் நின்று வந்து பார்க்க வேண்டும். நெரிசலில் புதிய பாடம் படிக்க முயல வேண்டாம். நினைவுகூர்வதற்கு மேசை வேண்டியதில்லை. காலையில் ஏறியதும் நேற்றைய இரண்டு வகுப்புகளின் தலைப்புகளை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு சமன்பாடுகளையும் படங்களையும் மனதுக்குள் வரையுங்கள். வராததைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு கல்லூரி சேர்ந்ததும் பாருங்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்மேல் சோதித்து எழுதியது இன்றும் செல்லும்: படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்ந்தால் நழுவும் வேகம் குறைகிறது. அன்று ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்ற கணக்கு நம் கால அட்டவணைக்குப் பொருந்திவருகிறது.

எழுத்துவேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கல்லூரி முடிந்து ரயில் வரும்வரை உள்ள நேரத்தில் நூலகத்தில் முடித்துவிடுங்கள். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது வேண்டாம்.

12. ட்யூஷன் வைக்கணுமா? இல்ல யூட்யூப் போதுமா?

முதலாண்டுக்கு ட்யூஷன் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டாவது முறை ஒருவர் நடத்துவதைக் கேட்பது, மூன்றாம் பதிலில் சொன்ன அதே ஏமாற்றை இருமடங்காக்கும். ஒரு தாளில் அடிப்படையே இல்லாதவருக்கு மட்டும் ஒரு மாத உதவி பயன்படலாம்.

காணொளிகளுக்கும் இதே கணக்குத்தான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தரமானவை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை எழுதிப் பார்க்காவிட்டால் திரைப்படம் பார்த்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயலிகள் முதலாண்டுக்கு இன்னும் பொருத்தமானவை. மின்சுற்று, எறிபொருள், அலைகள், கரைசலின் செறிவு ஆகியவற்றை நீங்களே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சில தமிழிலும் கிடைக்கின்றன. ஏதேனும் ஒன்றை மாற்றும் முன் என்ன நடக்கும் என்று எழுதிவைத்துவிட்டு மாற்றுங்கள். விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நீங்கள் எழுதி முடித்த விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவை தவறும் செய்யும்.

13. குரூப் ஸ்டடின்னு உக்காந்தா அரட்டையாப் போகுது.

ஆறு, ஏழு பேர் கூடினால் அப்படித்தான் ஆகும். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஒரு கேள்வியை எடுத்து, முதலில் அவரவர் பேசாமல் தனித்தாளில் விடை எழுத வேண்டும். பிறகு தாள்களை நடுவில் வைத்து, விடை மாறுபட்டவர்கள் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லி வாதாட வேண்டும். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் தன் இயற்பியல் வகுப்பையே இப்படி மாற்றி நடத்தினார். மாணவர்கள் கேட்டுக்கொண்டே இராமல் தாங்களே செய்து பழகும் வகுப்புகளையும் வழக்கமான விரிவுரைகளையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி ஏறத்தாழ 34 விழுக்காடாகவும் மற்றவற்றில் 22 விழுக்காடாகவும் இருந்தது.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: இப்படிப் படிக்கும்போது குறைவாகக் கற்றதுபோலத் தோன்றும். அதே ஹார்வர்டில் 2019இல் வெளியான ஆய்வில், செய்து பழகிய மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தும், விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே தங்களைப் பற்றி மதிப்பிட்டார்கள். சிரமப்படும் உணர்வை வைத்துப் படிப்பு வீணாகிறது என்று முடிவுசெய்யாதீர்கள்.

14. ஸ்டாஃப் ரூமுக்குப் போய் டவுட் கேக்க பயமா இருக்கு. "இதுகூடத் தெரியாதா"ன்னு கேட்டுட்டா?

சிலர் கேட்கவும் செய்வார்கள். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் "இந்தச் சாப்டரே புரியல சார்" என்று வருகிறவருக்கும், தாளை நீட்டி "இதுவரை போட்டுட்டேன் சார், இந்த வரியில ஏன் மைனஸ் வருதுன்னு தெரியல" என்று வருகிறவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாமவருக்கு எனக்கு இரண்டு நிமிடம் போதும், மனநிறைவும் கிடைக்கும். மூடிய நோட்டுப் பயிற்சியில் போட்ட கேள்விக்குறிகளே உங்கள் சந்தேகப் பட்டியல். தனியே போகத் தயங்கினால் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

15. ஃபர்ஸ்ட் இன்டர்னல்ல 25க்கு 8. இந்த மேஜரையே மாத்திரலாமா?

முதலில் விடைத்தாளைக் கையில் வாங்குங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பவர்களே அதிகம். இழந்த 17 மதிப்பெண்ணையும் கேள்விவாரியாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாமல் இழந்தது எவ்வளவு, தெரிந்தும் நினைவுக்கு வராமல் இழந்தது எவ்வளவு, கேள்வியைத் தவறாகப் படித்தும் அலகு விட்டும் இழந்தது எவ்வளவு? நினைவுக்கு வராததற்கு மூன்றாம் பதிலும், கேள்வி தவறியதற்கு ஐந்தாம் பதிலும் மருந்து. பாடமே தெரியாமல் இழந்ததுதான் பெரும்பங்கு என்றால் இரண்டாம் பதிலுக்குத் திரும்புங்கள்.

மேஜரை மாற்றுவது வேறு கேள்வி, அதை மதிப்பெண்ணால் முடிவுசெய்யக் கூடாது. ஆய்வகத்தில் நிற்கும்போதாவது, ஒரு தலைப்பைப் படிக்கும்போதாவது இன்னும் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் தங்குங்கள். சேர்ந்த நாளிலிருந்தே விருப்பமில்லை, வீட்டார் சொன்னதற்காகச் சேர்ந்தேன் என்றால், இடம் காலியாக இருக்கும் தொடக்க வாரங்களிலேயே முதல்வர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தாமதித்தால் ஓராண்டு போய்விடும்.

16. அடுத்த வருசம் நீட் மறுபடி எழுதப் போறேன். காலேஜ் சும்மா பேருக்குத்தான். இதையெல்லாம் படிக்கணுமா?

நீட் பாடத்திட்டமும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளைச் சார்ந்ததே என்பதால் இரண்டாம் பதிலில் கண்ட பள்ளங்களை நிரப்புவது இரண்டுக்கும் உதவும். அதற்கு மேல் இரண்டும் ஒன்றல்ல. நீட் கொள்குறி வினாக்கள். கல்லூரித் தேர்வு வருவித்தும் விளக்கியும் எழுதக் கேட்பது, அத்துடன் ஆய்வகமும் வருகைப்பதிவும் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டையும் பாதிப்பாதியாகச் செய்து, மருத்துவமும் கிடைக்காமல் நான்கு அரியர்களோடு இரண்டாமாண்டில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முழுமூச்சாக எழுதுவதென்றால் வீட்டாரோடு பேசி அந்த ஓராண்டை அதற்கே கொடுங்கள். கல்லூரியில் இருப்பதென்றால் முதல் செமஸ்டரை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

17. நாங்க படிக்காதவங்க, பீடி சுத்துத வீடு. எம் பிள்ளைக்கு நாங்க எப்படி சார் ஒத்தாசை செய்ய?

நீங்கள் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், "இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்கு விளங்குத மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு முழுதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை நோட்டைப் பார்க்காமல் தமிழில் சொல்ல முயலும்போதே எது தெரியும், எது தெரியாது என்று அதற்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவரோடு ஒப்பிட்டுப் பேச வேண்டாம். வீட்டுவேலையோ பீடி வேலையோ பிள்ளையும் பார்த்தே ஆகவேண்டிய குடும்பங்கள் உண்டு, எனக்குத் தெரியும். அந்த நிலையிலும் மாலையில் ஒரு மணி நேரத்தை யாரும் கூப்பிடாத நேரமாக ஒதுக்கிக் கொடுங்கள்.

ஓர் அரியர் விழுந்தால் படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிப் பெண்பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த செமஸ்டரிலேயே எழுதிக்கொள்ளலாம். தள்ளிப்போடாமல் எழுதச் சொல்லுங்கள், இரண்டாம் செமஸ்டர்ப் பாடம் முதலாவதின்மேல்தான் வருகிறது.

18. இதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன் சார். இன்னும் வரல.

முதலில் மூடிய நோட்டுப் பயிற்சித் தாள்களை எடுத்துவந்து காட்டுங்கள். செய்ததாகச் சொல்கிறவர்களில் பலர் நோட்டைப் பார்த்துச் சுருக்கம் எழுதியிருப்பார்கள். அது வேறு வேலை. தாள்கள் சரியாக இருந்தால், படிப்புக்கு வெளியே பார்க்க வேண்டும். கடைசி வரிசையிலிருந்து பலகை தெரியாமல் மூன்று மாதம் ஓட்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்டதும் சரியானது. காலையில் சாப்பிடாமல் ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கிற பெண்களில் சிலருக்கு இரத்தசோகை இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கலாம்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால், அது படிப்பு முறையால் தீர்வதில்லை. நம்பும் ஓர் ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும், மனநல உதவிக்கான தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

19. ஃபர்ஸ்ட் செமஸ்டரே முடிஞ்சிருச்சு. இப்ப ஆரம்பிச்சா பிரயோசனம் உண்டா?

உண்டு. செமஸ்டர் விடுமுறையில் புதிய பாடங்களை முன்கூட்டிப் படிக்க முயலாமல், இரண்டாம் பதிலில் உள்ள கேள்விகளைச் செய்து, நின்றுபோன தலைப்புகளை மட்டும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக முடியுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் உண்டு. கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். பள்ளிச் சுற்றுலாவில் ஓடிக் கடந்த அதே காட்சிப்பொருள்களின் முன் நின்று, ஒவ்வொன்றும் ஏன் அப்படி இயங்குகிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுத முடியாதவற்றைக் குறித்துக்கொண்டு, கல்லூரி திறந்த முதல் வாரத்தில் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.